சிரித்ததும் ஏறிய கோடு

மாமா,

பிளாஸ்க் மூடியைத் திறந்தால் சீரக வாசனை. அம்மா இன்னும் அதையே கொதிக்கவைத்து அனுப்புகிறாள். வார்டில் குடிக்க ஆளில்லாமல் நானே குடித்துத் தீர்க்கிறேன். எல்லாம் செரிக்கிறது, நடந்ததைத் தவிர.

அக்காவுக்கு இது ஏழாம் மாதம். பட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தவள் வயிறு கல்லாகிறது என்றாள். "சூட்டு வலிடி, சீரகத் தண்ணி குடி, அடங்கிடும்" என்றாள் அம்மா. நானும் பெரிய மருத்துவச்சி மாதிரி தலையாட்டினேன். ஒன்றரை நாள் குடித்தாள். அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்ததும், "இது நெஜ வலி. கொழந்த இன்னும் ரெண்டு வாரமாவது உள்ளயே இருக்கணும்" என்றார் டாக்டர்.

இப்போது அவள் வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட். ஒன்று பாப்பாவின் இதயத்தைக் கேட்கிறது. மற்றது வயிறு இறுகுவதைக் கோடாக வரைகிறது. காகிதம் நீண்டுகொண்டே வருகிறது. கோடு ஏறும்போதெல்லாம் எனக்கு மூச்சு நிற்கிறது. நான் தூங்கி இரண்டு நாளாகிறது.

மூன்றாம் மாத ஸ்கேனுக்கு செய்யாறு கம்பெனியிலிருந்து யூனிஃபார்மோடு வந்தீர்களே! திரையை உற்றுப் பார்த்து, "என்னை மாதிரி இருக்குதா சிஸ்டர்?" என்றீர்கள். "கால நீட்டிகினு தூங்கினு கீதே, உங்க மாதிரியேதான் மாமா" என்றேன். "வாலு, உனக்கு ஒரு நாள் இருக்குது" என்றீர்கள். அக்கா குலுங்கிச் சிரித்ததில் ஸ்கேன் எடுப்பவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

அடுத்த மாதம் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு பைக்கில் போனீர்கள். உயிரோடு வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவே இல்லை. நான் செய்யாத சேட்டை இல்லை. உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்களைப் போலக் குறட்டைகூட விட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று காலை மெஷினில் பாப்பாவின் இதயம் தடதடவென்று கேட்டது. "என்னாக்கா இது, கம்பெனி பஸ்ஸப் புடிக்கவா ஓடுது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "உங்க மாமாவ விட ஜல்தியா ஓடுதுடி" என்றாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். கோடு மலையாக ஏறியது.

நர்சம்மா ஓடி வந்தார். "யாரும்மா சிரிக்க வெச்சது? இது சிரிப்பா வலியான்னு டாக்டருக்கு எப்பிடித் தெரியும்?" பேனாவை எடுத்து, அந்த மலைக்குப் பக்கத்தில் 'சிரிப்பு' என்று எழுதினார்.

காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, மாமா.

மத்தியானம் டாக்டர் பார்த்தார். வலி குறைகிறதாம், ஆனால் இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதாம். காகிதம் ஃபைலுக்குள் போய்விட்டது. அதற்கு முன்பே அந்த இடத்தை மட்டும் மொபைலில் படம் எடுத்துக்கொண்டேன்.

நாக்கு நுனியில் நூறு ஜோக் நிற்கிறது. இரண்டு வாரம் வாயைத் திறக்க மாட்டேன். என் முகத்தைப் பார்த்தாலே சிரித்துவிடுவாளோ என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்.