தப்பு நோட்டில் என் பக்கம்

மரக்காணம்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் மேரிசெல்விக்கு அப்பா எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். தினமும் வீடியோ காலில் பார்க்கிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய், அதில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது செல்விம்மா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, ஆனாலும் கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடந்தேதான் போவேன் என்று ஒரே பிடிவாதம், நீ ஒரு வார்த்தை சொல்லிப் பார், நான் சொல்லி அவள் என்றைக்குக் கேட்டாள். மோட்டார் பழுதாகி இரண்டு நாள் தெருக்குழாயில் குடம் வைத்துப் பிடித்தோம், இப்போது சரியாகிவிட்டது. நைட் டியூட்டி முடிந்து நீ சாப்பிடாமலே படுத்துவிடுகிறாயாம், ஒரு டம்ளர் கஞ்சியாவது குடித்துவிட்டுப் படு.

விஷயத்துக்கு வருகிறேன், வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறேன் பார். நம் பள்ளிப் பெண்கள் பேஸ்கட்பால் டீம் இந்த வருடம் எட்டு மேட்ச் ஆடி எட்டிலும் தோற்றது. தோற்றது கேவலமில்லை, நான் நடந்துகொண்டதுதான் கேவலம். பன்னிரண்டு பேர் டீமில் ப்ளஸ் டூ பிள்ளைகள் ஐந்து பேரையே முதல் ஏழு மேட்சிலும் முழுக்க ஆட விட்டேன், சின்னப் பிள்ளைகள் ஏழு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தேன், யாராவது கேட்டால் அதுங்க இன்னும் தயாராகவில்லை என்பேன். தயார் செய்ய வேண்டியவன் யார், சம்பளம் வாங்குகிற பி.டி. மாஸ்டர் நான்தானே. நாற்பது பாயிண்டில் தோற்றால் மற்ற பள்ளி மாஸ்டர்கள் சிரிப்பார்கள், இருபதில் தோற்றால் கௌரவம், இதுதான் என் புத்தி. போதாததற்கு நம் கோர்ட்டில் கடல் பக்கத்து ரிங் உப்புக் காற்றில் துருப்பிடித்து விழுந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார், மாத்திடலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் விஜயலட்சுமி மேடம் இரண்டு தடவை கேட்டும் நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன், ரோட்டுப் பக்கத்து ரிங் ஒன்றை வைத்தே பிராக்டீஸ் ஓட்டினேன். தப்பு நோட்டை மட்டும் ஒரு வாரம்கூட விடவில்லை. உனக்குத் தெரியாததா, தோற்ற மறுநாள் ஒவ்வொரு பிள்ளையும் தன் தப்பைத் தன் நோட்டில் எழுதித் தர வேண்டும், நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவேன், திங்கட்கிழமை பிரேயரில் நான் கை காட்டுகிற பிள்ளை எழுந்து படிக்க வேண்டும்.

ஒன்பதாவது படிக்கிற கலைமதி என்று ஒரு பிள்ளை, அவள் அம்மா பொன்னம்மாள் உப்பளத்தில் வேலை செய்கிறாள். ஏழு மேட்சிலும் கலைமதி பெஞ்சிலேயே இருந்தாள். எட்டாவது மேட்ச் விழுப்புரத்தில், ஒருத்திக்குக் கால் பிசகியது, இன்னொருத்தி ஐந்து ஃபவுலில் வெளியே போனாள், வேறு வழியில்லாமல் இவளையும் உள்ளே அனுப்பினேன். பந்து கைக்கு வந்ததும் கண்ணெதிரே தெரிந்த ரிங்கில் போட்டாள், ஓரத்தில்கூடப் படாமல் உள்ளே விழுந்தது, அத்தனை சுத்தமான ஷாட். ஆனால் நாங்கள் காக்க வேண்டிய ரிங் அது, இரண்டு பாயிண்டும் எதிர் டீமுக்குப் போனது. ஒரே ரிங்கில் பழகிய பிள்ளை, கோர்ட்டில் இரண்டு பக்கம் உண்டு என்பதே அவள் காலுக்குத் தெரியாது. நான் அதை யோசித்தேனா, அத்தனை ஜனத்துக்கு நடுவே, கண்ணு எங்கடி வச்சிருக்க, நீயெல்லாம் உப்பு வாரத்தான் லாயக்கு என்று கத்தினேன். எழுதவே கை கூசுகிறது.

திங்கட்கிழமை பிரேயரில் அவளைத்தான் கை காட்டினேன். பாவம், மொத்தத்தையும் படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். முதல் மேட்ச், நான் விளையாடவில்லை, அக்காவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்க லேட் செய்துவிட்டேன், மன்னிக்கவும். இரண்டாவது மேட்ச், நான் விளையாடவில்லை, சத்தமாகக் கை தட்டவில்லை, மன்னிக்கவும். மூன்றாவது மேட்ச், சாருக்கு என் பேர் மறந்துவிட்டது, நான் இன்னும் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும், மன்னிக்கவும். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், நாலாவது பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தப்பே செய்யாமல் வாராவாரம் ஒரு தப்பைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறது அந்தப் பிள்ளை. பக்கத்துக்குப் பக்கம் என் சிவப்புக் கையெழுத்து, ஒன்றையாவது நான் படித்ததில்லை. எட்டாவது பக்கத்தில், நம் பள்ளியில் ஒரு ரிங்தான் இருக்கிறது, ஆனால் அதைக் காரணமாகச் சொல்லக் கூடாது, தப்பு என்னுடையதுதான் என்று படித்துவிட்டு உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. நாலு நாள் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன், அம்மாவோடு பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொன்னம்மாள் கோபப்படக்கூட இல்லை. உப்பு வாரத்தான் லாயக்குன்னு சொன்னீங்களாமே சார், அதான் வந்துட்டா என்றாள். அப்புறம், ஏன் சார், உப்பு செவப்பா வந்துச்சுன்னா நாங்க பாத்தியவா திட்டுவோம், தண்ணி விட்டவனத்தான கேப்போம் என்றாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, ஒங்க பொண்ணும் அன்னிக்கு பிரேயர்ல இப்படித்தான் நின்னா, நீங்க என்னடான்னா அவ படிப்புக்காக ஆட்டத்த வுட்டுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சீங்க என்றாள். செல்விம்மா, நீ பத்தாவது படிக்கும்போது கடைசி ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டாய், சொந்தப் பிள்ளைக்கும் சலுகை இல்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காக உன்னைத்தான் முதலில் படிக்க வைத்தேன். அப்பாவுக்கு அவமானம் தேடித் தந்தேன் என்று நீ படித்தாய். அதற்குப் பிறகு நீ பந்தைத் தொடவே இல்லை, நானும் ஏன் என்று கேட்கவே இல்லை. உன்னோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்த நோட்டைப் பத்து வருடம் நடத்தியிருக்கிறேனே, நான் எல்லாம் ஒரு மாஸ்டரா.

திங்கள் மாலை. மேலே எழுதியதை மடித்து வைத்துவிட்டு, ஒரு புது நோட்டு வாங்கி என் தப்பை எழுதினேன். டீம் தோற்றது, தப்பு பி.டி. மாஸ்டருடையது, ஏழு பேருக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கவில்லை, ஒரு ரிங்குக்கு ஒரு லெட்டர் எழுதவில்லை, என் தப்புக்கு ஒரு பிள்ளையைத் திட்டினேன். இன்று பிரேயரில் அதைப் படித்தேன், அங்கே நீங்கள் எல்லாம் எப்படி நின்றீர்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ரிங்குக்கு லெட்டரும் மேடத்திடம் கொடுத்துவிட்டேன். ஆனால் கேட்க வேண்டிய பிள்ளை அங்கே இல்லையே, அதனால் பள்ளி விட்டதும் உப்பளத்துக்கே போய், வரப்பில் நின்று, வேலை செய்கிறவர்கள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி திரும்பவும் படித்தேன். முடித்துவிட்டு நோட்டையும் சிவப்புப் பேனாவையும் கலைமதியிடம் நீட்டி, கையெழுத்துப் போடும்மா என்றேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நோட்டை மட்டும் வாங்கினாள். படிச்சிட்டுத்தான் சார் போடுவேன் என்றாள். நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. நாளைக்குக் கொண்டு வருவாளா என்று தெரியவில்லை, நான் பள்ளி கேட்டில் போய் நிற்பேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உங்கள் இருவரையும் மாதா கை விடாமல் காக்கட்டும், அம்மாவும் நானும் தினமும் ஜெபமாலையில் உங்களைச் சொல்கிறோம். அம்மாவிடம் அந்த நடைப்பயணத்தைப் பற்றிப் பேச மறக்காதே. இன்னொன்று, உன் சுபாவம் எனக்குத் தெரியும், முதல் நாலு வரியைப் பார்த்துவிட்டு, பரவால்லப்பா என்று மெசேஜ் அனுப்பிவிடுவாய். அப்படிச் செய்யாதே. கடைசிவரை படித்துவிட்டு, என்ன தோன்றுகிறதோ அதை எழுது.

இப்படிக்கு
உன் அப்பா
குழந்தைசாமி