அம்மா பிளக்கைப் பிடுங்கிய டெக்

மார்ச் 3, செவ்வாய்
இதனால் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிக்கப்படுவது: நம் வீட்டுக்கு வீடியோ டெக் வருகிறது. எதை வாங்குவதென்று ஆராயும் நிபுணர் குழுவின் தலைவர், செயலாளர், ஒரே உறுப்பினர் - நான்.

காரணம் சித்தி. ஞாயிறு மாலை நாலு மணிக்கு டிவியில் ஹாக்கி இறுதிப்போட்டி. கோல் கீப்பர் அவள்தான். அம்மாவுக்கோ அதே நேரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி. லீவு இல்லை; டெக்கில் பதிவு செய்துவைத்தால்தான் பார்க்க முடியும். தங்கைக்கு முதல் மட்டை வாங்கிக் கொடுத்தவள், அவள் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை!

மார்ச் 5, வியாழன்
கடையில் என் மனம் கவர்ந்தவன் ஒரு கறுப்பழகன். உடம்பெல்லாம் பொத்தான். "நாலு ஹெட், படம் பளிச்சுனு இருக்கும்" என்றார் கடைக்காரர். "எனக்கு ஒரு தலையிலேயே ஒண்ணும் ஏறல, இதுக்கு நாலா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரசனை கெட்டவர்.

அவர் போட்டுக் காட்டிய படத்தை அம்மா பார்க்கவே இல்லை. "கரண்ட் போய் வந்தா டைமர் அழியாம நிக்குமா தம்பி?"

"அது வந்துக்கா..." என்று இழுத்தார். அம்மா குனிந்து பிளக்கையே பிடுங்கிவிட்டாள்! திரும்பச் செருகியதும் கறுப்பழகன் வெறும் பூஜ்ஜியங்களாகக் கண் சிமிட்டினான். பக்கத்திலிருந்த சாம்பல் நிறப் பெட்டிக்கும் அதே வைத்தியம். அது மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியான மணி காட்டியது.

"இதையே குடுங்க."

அடேங்கப்பா, என்ன மூளை!

மார்ச் 6, வெள்ளி
டெக்கைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று வகுப்பில் சொல்லியாயிற்று. பிளக்கைப் பிடுங்கியதும் நானேதான்.

மார்ச் 8, ஞாயிறு
நாலு மணிக்குத் தானாகப் பதிவாகும்படி காலையில் டைமர் வைத்தேன். அம்மா கேட்டாள்: "சரியா வெச்சியாடா?" "ஆள் யாருன்னு நினைச்சே?"

அம்மாவோடு சேர்ந்தே பார்ப்பதென்று நான் விளையாடப் போய்விட்டேன். ஐந்து மணிக்கு வந்தால், சிவப்பு விளக்கு எரிய, கேசட் ஓடிக்கொண்டிருக்கிறது. சபாஷ், நானே!

டியூட்டி முடிந்து வந்த அம்மா, சீருடைகூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். கடைசிப் பந்தைச் சித்தி காலால் தடுத்தபோது "அப்படித்தாண்டி!" என்று எழுந்தே நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

போனில் சித்தி: "யாருடா ரெக்கார்டு பண்ணது?"
"வேற யாரு?"
"கில்லாடிடா நீ!"

மார்ச் 9, திங்கள்
இன்று மாலை டெக்கைப் பார்த்தால் மணி 17:20. நாலு நாளாக அப்படித்தான் காட்டியிருக்கும், மண்டையில் உறைக்கவில்லை. அப்படியென்றால் நேற்று நான் வைத்த நாலு... விடியற்காலை நாலு!

அம்மாவிடம் ஓடினேன்.

"ஆஸ்பத்திரியில மருந்து நேரம் இப்படித்தான் எழுதுவோம். கிளம்பறப்போ பார்த்தேன், பதினாறுன்னு மாத்திட்டேன்."

"சித்திகிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையா பீத்திக்கிட்டு இருந்தே. கெடுப்பானேன்?"

ஆகவே, நிபுணர் குழு செய்த மொத்த வேலை: கேசட்டை உள்ளே தள்ளியது. அதையும் முதலில் தலைகீழாகத்தான் தள்ளினேன்.