உன் பக்கமா போட்ட கம்பி

இன்னைக்கு காலைல பல்லு தேய்ச்சிக்கினு இருந்தேன். பீரோ மேல இருந்து டங்குன்னு ஒரு சத்தம். உன் கிடார் பேக்கு. யாரும் தொடல, ஜிப்பு மூடித்தான் இருந்துச்சு. உள்ள ஒரு கம்பி தானா அறுந்திருக்கு.

ஏன்னு எனக்குத் தெரியும். மெயின்டனன்ஸ்ல வேலை செய்றவன். துரு ஏறின கம்பி, முறுக்கு எறக்காம வெச்சது, இந்த ஊரு உப்புக் காத்து. அவ்ளோதான். தெரிஞ்சும் பிரஷ்ஷ வாயிலயே வெச்சிக்கினு அந்த பேக்கையே பாத்துக்கினு நின்னேன். உன்னப் பொதைக்கிற அன்னைக்குக்கூட நான் இப்படி பயந்து நிக்கல.

சாயங்காலம் உன் அண்ணன் அத எடுத்துக்கினு போக வர்றதா இருந்துச்சு. போன வாரமே போன் பண்ணாரு. சர்ச்சு கொயர்ல இருந்த கிடார் ஒடஞ்சிடுச்சாம். "ஊட்ல யாரு மாப்ள வாசிக்கப் போறா, தூசிதான் புடிக்கும். கம்பிய மாத்திப் போட்டா எல்லாரும் வாசிக்கலாம்"னாரு. சரி மச்சான்னுட்டேன். இப்போல்லாம் யாரு இன்னா கேட்டாலும் சரின்னுதான் வாயில வருது.

நான் வாசிப்பேன்னு அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கிறிஸ்மஸ்க்கு எல்லார் முன்னாடியும் என்ன உக்கார வெச்சு காட்டணும்னு நீதான் மூடி வெச்சிருந்தே.

நீ கத்துக்கின கதைய எத்தினி வாட்டி சொல்லியிருப்பே. பொன்னேரி சர்ச்சுல, நீ ஸ்கூல் படிக்கும்போது, எடது கைக்காரிக்கு கிடார் வராது, கைய மாத்திக்கோன்னாங்க. நீ கைய மாத்தல, கிடார மாத்தினே. கம்பி எல்லாத்தயும் கயட்டி தலகீழா போட்டுக்கினு ஊட்டு மாடிப்படில உக்காந்து நீயே கத்துக்கினே.

நான் மொதல்ல அத வாசிக்கல, ரிப்பேர்தான் பண்ணேன். கல்யாணம் ஆன புதுசுல, நீ வாசிக்கும்போது தடி கம்பி மட்டும் ஜிர்ருனு எறையும். பாத்தா, கழுத்துக்கு மேல கம்பி உக்கார்ற அந்த வெள்ளப் பட்டைல பள்ளம் எல்லாம் வலது கைக்காரங்களுக்கு வெட்டினது. மெல்லிசு கம்பி பள்ளத்துல தடி கம்பி எப்படி உக்காரும்? சின்ன அரத்த வெச்சு கொஞ்சம் கொஞ்சமா ராவி உக்கார வெச்சேன். வாசிச்சுப் பாத்தே. எறச்சல் இல்ல. "போச்சு, இனிமே இது எனக்கு மட்டும்தான் ஆவும்"னு சிரிச்சே.

எனக்கும் சொல்லிக் குடுன்னு கேட்டது அன்னைக்குத்தான். நான் வலது கைக்காரன், ஊட்ல இருக்கறதோ ஒரே கிடாரு, அதுவும் உன் பக்கம் போட்டது. எப்படி வரும்னு கேட்டதுக்கு, "புதுசா கத்துக்கறவனுக்கு ரெண்டு கையும் முட்டாள்தான், எந்தக் கைன்னா இன்னா"ன்னே. அப்படியே எடது கைக்காரன் மாதிரி புடிக்க வெச்சே. பின்னாடி உக்காந்து, தோள் மேல தாடைய வெச்சிக்கினு, என் விரல ஒவ்வொன்னா எடுத்து கம்பி மேல வெப்பே.

தாளத்துக்கு போன்ல ஆப்பு இருக்குன்னேன். நீ கேக்கல. ரோட்டுக்கு அந்தாண்ட இரும்பு அடிக்கிற கம்பெனி மிஷின் டொம், டொம்முன்னு அடிக்குமே, அதுக்கு வாசிக்க சொன்னே. நாலாவது அடிக்கு ஜி கார்டுல இருந்து சி-க்கு கை மாறியிருக்கணும். நான் அவசரப்பட்டா கைய தட்டி விடுவே. "மெதுவா சரியா வாசி. வேகமா தப்பா வாசிச்சா கை அந்தத் தப்பத்தான் படிச்சுக்கும்." மொதல்ல ரெண்டு விரல் வெக்கிற இ மைனரு. அப்பறம் ஜி, சி. எஃப் மட்டும் கடைசி வரைக்கும் வரல.

கம்பிய அமுக்கற வலது கை விரல் நுனி எல்லாம் கோடு கோடா வெட்டி, அதே கையால மீன் கொழம்பு பெசஞ்சா சுள்ளுன்னு ஏறும். நான் ஊதிக்கினே தின்னுவேன். "சோத்துக்கு மட்டும் வலது கைதான்னு எங்கம்மா அடிச்சு பழக்கினாங்க. எனக்கும் இப்படித்தான் எரிஞ்சுது, தின்னு"ம்பே.

கிறிஸ்மஸ்க்கு மாட்டேன், பயமா இருக்குன்னேன். "பயம் போவட்டும்னு ஒக்காந்திருந்தா யாருமே வாசிக்க முடியாது. பயந்துக்கினே வாசி"ன்னே. அந்த வாரம்தான் உனக்குக் காய்ச்சல். பொன்னேரிக்குக் கூட்டிக்கினு போனேன், அங்க இருந்து மெட்ராஸ். திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ்ல நான் மட்டும் பேசிக்கினு வந்தேன்.

அப்பறம் அந்த பேக்க தொறக்கவே இல்ல. பயம்தான். தொறந்து வாசிச்சு, வரலன்னா? நீ எனக்குள்ள வெச்சதும் உன்னோடவே போயிட்டுதுன்னு ஆயிடும். விரல் நுனில காய்ச்சிருந்த தோலு உரிஞ்சு உரிஞ்சு வந்துக்கினு இருந்துச்சு. வேலைல கையுறைய கயட்டும்போதெல்லாம் அதத்தான் மொதல்ல பாப்பேன். மூடியே இருந்தா, இன்னும் இருக்குன்னு நெனச்சுக்கலாம்.

சாயங்காலம் மச்சான் வந்தாரு. உங்கம்மா தூக்குல மீன் கொழம்பு குடுத்து விட்டிருந்தாங்க. பேக்க எறக்கி, தொறந்து பாத்து, "மெல்லிசு கம்பி அறுந்து கெடக்குதே"ன்னாரு. உள்ள இருந்து உன் தேங்கா எண்ணெ வாசன. அவரு ஜிப்ப மூடப் போனாரு.

"இருங்க மச்சான்."

நான் சொன்னேன்னே எனக்குத் தெரியல. வாங்கி மடில வெச்சேன். சுருதி எறங்கிப் போயிருந்துச்சு. இன்னொன்னும் அறுந்துடுமோன்னு முகத்த அந்தாண்ட திருப்பிக்கினே முறுக்கி ஏத்தினேன். இ மைனர் வெச்சேன், சத்தமே வரல. மோதர விரலு எங்க போறதுன்னு தெரியாம நின்னுச்சு. போச்சு, அவ்ளோதான்னு நெனச்சேன். ரோட்டுக்கு அந்தாண்ட மிஷின் டொம்முன்னு அடிச்சுது. இன்னொன்னு. இன்னொன்னு. நாலாவதுக்கு, நான் சொல்லாமலே, கை சி-க்கு போயிட்டுது.

உன் அண்ணன் கிடாரப் பாக்கல, என் கையத்தான் பாத்துக்கினு இருந்தாரு.

"நீ லெஃப்ட்டா மாப்ள? பந்தில வலது கைலதான சாப்ட்டே?"

"இது ஒன்னுதான் மச்சான் லெஃப்ட்டு. வேற மாதிரி எனக்குத் தெரியாது."

மச்சான் காலி பேக்க மடிச்சு பீரோ மேல அவரே வெச்சாரு. எஃப் வருதான்னு கேட்டாரு. இல்லன்னேன். "அவளுக்கும் ரொம்ப நாள் வரல, எங்க உயிர வாங்கினா"ன்னு சொல்லிக்கினே செருப்பு மாட்டினாரு. கொயருக்கு வேற பாத்துக்கலாமாம்.

மிச்சம் அஞ்சு கம்பியும் துருதான். மாத்தித்தான் ஆவணும். அப்பறம் அந்தக் கிடார்ல உன் விரல் பட்ட கம்பின்னு ஒன்னுமே இருக்காது. அத நெனச்சா இப்பவும் பயம்தான்.

தூக்குவாளியத் தொறந்து சோத்துல கொழம்ப ஊத்தி கைய வெச்சேன். சுள்ளுன்னு ஏறுச்சு. ஊதிக்கினே, அந்தக் கையாலயே, முழுசா தின்னேன்.