மணியம்மாள் பெயர் விழுந்துபோன கதை

கும்மிடிப்பூண்டி
12.2.2006

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அப்பா மோசஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், டெல்லிக் குளிரில் உன் இருமல் விட்டதா என்று அம்மா தினமும் கேட்கிறாள். போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன். புது ரோடு போட நம் தெருவை அளக்கிறார்கள், பட்டா இருப்பவர்களுக்கு மட்டும்தான் மாற்று இடமாம். எனக்குக் கம்பெனியில் ஷிப்டு இருந்ததால் அம்மா தாலுகா ஆபீஸ் போய்க் கம்ப்யூட்டர் பட்டா வாங்கி வந்தாள். பார்த்தால் நம் வீட்டு எண்ணுக்கு நேரே பக்கத்து வீட்டு அரசப்பன் பெயர். மறுநாள் லீவு போட்டு ஓடினேன், "கம்ப்யூட்டர்ல இன்னா கீதோ அத்தான்யா தர முடியும்" என்று கிளார்க் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

அரசப்பனுக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு இடம் வந்தால் கசக்கவா போகிறது என்று தப்பாக நினைத்துவிட்டேன், அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் விஷயம் காதில் விழுந்ததும் அவரே என்னோடு பஸ் ஏறினார். அதிகாரி முன்னால் நின்று, "எனுக்கு ஒரு ஊடுதான் சார், அது மோசஸ் ஊடு, என் பேர எடுத்துடுங்க" என்றார். வெட்கத்தில் நான் தலை நிமிரவில்லை. அதிகாரி பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். டைப் அடித்தவர் அரசப்பன் பெயரை இரண்டு தரம் அடித்திருக்கிறார், அதனால் நம் வீட்டிலிருந்து ஒவ்வொரு பெயரும் ஒரு வீடு தள்ளிப்போய், கடைசி வீட்டு மணியம்மாள் பெயர் இடமில்லாமல் விழுந்தேவிட்டது. மற்றவர்களுக்குத் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார், அந்தம்மா பெயர் மட்டும் கம்ப்யூட்டரிலேயே இல்லாததால் புதிதாகச் சேர்க்க மேலிடத்து உத்தரவு வேண்டுமாம். தனிக்கட்டை, எழுதப் படிக்கத் தெரியாது. சொன்னபோது, "அப்போ நான் எங்க கீறேன் மோசஸு?" என்று கேட்டது. மாதக் கடைசியில் பழைய பதிவேடுகளை மூட்டை கட்டி அனுப்பப் போகிறார்களாம், அந்தம்மா பெயர் இருப்பது அதில் மட்டும்தான்.

அம்மாடி, எல்லா ஆபீஸையும் கம்ப்யூட்டருக்கு மாற்றத் திட்டம் போடுகிற இடத்தில் நீ இருக்கிறாய். கம்ப்யூட்டரில் அடித்ததைத் தெருவுக்கே கொண்டுவந்து வாசித்துக்காட்டி, அவரவர் சரி என்று சொன்ன பிறகே பழைய புத்தகத்தை எடுக்க வேண்டும் என்று உன் மேலதிகாரிகளிடம் சொல். சின்னப் பெண் சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே. திங்கட்கிழமை நானும் அரசப்பனும் மணியம்மாளை அழைத்துக்கொண்டு போகிறோம், உத்தரவு கைக்கு வரும்வரை அந்த ஆபீஸ் வாசலை விடுவதாக இல்லை. ஜெபத்தில் அந்தம்மா பெயரைச் சொல். கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் கூடவே இருப்பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
மோசஸ்