மல்லிக்கு முன்னால் நடந்தவருக்கு

என்னைவிட மல்லிக் குதிரையிடம் அதிகம் பேசிய என் ஆசை மச்சானுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க உங்கள் பெண்டாட்டிக்கு வாய் வரவில்லை. சித்திரை சீசன் நெரிசலில், நுவரெலியா வாவிக்கரையில், சவாரிக்கு வந்த யாரோ ஒரு பிள்ளையைக் குதிரையிலிருந்து இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்தீர்களாம். பிறகு எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நம்ம பூங்காப் பயணத்தை நான் கைவிடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மல்லியின் மேல் என்னையும் பாப்பாவையும் ஏற்றி, காட்டோரப் பூங்காவில் டென்ட் அடித்து ஒரு ராத்திரி தங்கவைப்பேன் என்று அவள் பிறந்ததிலிருந்து சொன்னீர்கள். எப்போது கேட்டாலும் “சீசன் முடியட்டும் செல்வி” என்பீர்கள். சீசன் முடிந்தால் மழை. மழை விட்டால் டிசம்பர் கூட்டம். அது கலைந்தால் மறுபடி சீசன். ஊரார் சந்தோஷப்பட வருகிற மாதத்துக்குத்தான் சீசன் என்று பெயர். நமக்கென்று ஒன்று வந்ததாங்க?

மல்லியை விற்கப் போகிறார் முதலாளி மாத்தயா. தெற்கே ஏதோ கடற்கரை ஹோட்டலுக்காம். கேட்டதும் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக லாயத்துக்குப் போனேன். நாம குடியிருக்கிற தோட்டத்து லயத்துக்கும் மல்லியோட லாயத்துக்கும் எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம் என்று கிண்டல் செய்வீர்களே, அந்த லாயத்துக்கு.

“தங்கச்சி, விக்கிறதுக்கு முன்ன ரெண்டு நாள் கொண்டு போங்க. அவரு ஆசப்பட்டதுதானே” என்றார் மாத்தயா.

பூங்கா ஆபிசில் அனுமதி கேட்டேன். ஓரப் பாதையில் மட்டும் போகலாம், நெருப்பு மூட்டக் கூடாது என்றார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற மாரியக்கா எங்கேயோ அலைந்து ஒரு டென்ட் இரவல் வாங்கிக் கொடுத்தாள். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போகலாம். எல்லாம் கூடி வந்தது, என் மனசு மட்டும் வரவில்லை. விடிந்தால் ஏன் விடிந்தது என்றுதான் இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் பழகிப் பார்க்கலாமே என்று மல்லியின் மேல் ஏறி உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. அது அசையவில்லை. தட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன். ம்ஹூம். லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் ரஹீம் நானா கிட்டே வந்தார்.

“அது போவாது புள்ள. யாராச்சும் முன்னால கயித்தப் புடிச்சு நடந்தாத்தான் அதுவும் நடக்கும். பழக்கம் அப்புடி. ஒங்க வூட்டுக்காரரு ஒரு நாளும் ஏறுனதில்லையே, தெரியாதா?”

தெரியாதுங்க. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் தெரியாது.

அப்படியானால் அந்தப் பயணத்தில் நீங்கள் ஏறுவதாகவே இல்லை. மூணு பேரும் மாறி மாறி ஏறுவோம் என்று பாப்பாவிடம் சொன்னது பொய்யா? எங்களை மேலே உட்காரவைத்துவிட்டு மலையெல்லாம் நடக்கத்தான் திட்டம் போட்டீர்களா? ஊரில் உள்ளவர்களை எல்லாம் சுமந்த குதிரைக்கு முன்னால் நடந்து நடந்து தேய்ந்த காலுக்கு, ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று தோன்றவில்லையா? மல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். ரஹீம் நானா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதைச் சொன்னதும் பாப்பா, “நாம போகவே வேணாம்மா. அப்பா இல்லாம என்னத்துக்கு?” என்றாள். எனக்கும் அதே கேள்விதான். பதில் தெரிந்தால் கனவிலாவது வந்து சொல்லுங்கள். ஆனால் மல்லி போய்விட்டால் அவளுக்கு உங்களுடையது என்று தொட்டுப் பார்க்க ஒன்றுமே இருக்காது.

அதனால் வருகிற சனிக்கிழமை போகிறோம். பாப்பா உட்காருவாள், கயிறு என் கையில் இருக்கும். அவளைப் பூங்காவில் தங்கவைத்துப் பத்திரமாகக் கூட்டி வருவேன். இது உங்கள் மேல் சத்தியம். பாதி வழியில் அவள் என் கால் வலிக்கு இரங்கி, “நான் கயித்தப் புடிக்கிறேன், நீ ஏறும்மா” என்று கட்டாயம் சொல்லுவாள்.

ஏற மாட்டேங்க. எனக்கு முன்னால் நடக்க வேண்டியவர் நீங்கள் ஒருத்தர்தான்.

இன்னும் உங்கள் பெண்டாட்டியாகவே இருக்கிற
செல்வி