ஆடிக்கு அழைக்க வருவார்கள்

ஆனி 24

காற்று. புழுதி. துவைத்துப் போட்ட புடவையை மறுபடி துவைத்தாயிற்று. வைகாசியில் கல்யாணம், இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. இவர் பெயரை எழுதக் கூச்சம். டா. என்று போடுகிறேன், டாக்டர்தானே. கீழே டிஸ்பென்சரி, மாடியில் நாங்கள். நாங்கள் என்பது சும்மா. மாடியில் நான்.

இன்று என்னிடம் பேசியவை: 1. உப்பு. 2. தபால் வந்ததா. 3. "தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

ஆனி 25

பொம்பளை நோயாளிகள் டா.விடம் நேரே சொல்வதில்லை. கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என் காதில் சொல்வார்கள். நான் திரை வழியாக அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்பதை இவர்களிடம் கேட்க வேண்டும். இன்று இரண்டு வயிற்று வலி, ஒரு மூட்டு, காஜிமார் தெரு ராபியாம்மாவின் தலைச்சுற்றல்.

"ஒங்க ஊட்டுக்காரரு எம்புட்டு அன்பா விசாரிக்கிறாரு. ஒனக்கு நல்ல நசீபும்மா" என்றார் ராபியாம்மா.

அதிர்ஷ்டமாம்! என்னை ஒரு நாள் இப்படி விசாரித்தது உண்டா? நோயாளிகள் மேல் பொறாமைப்படுகிறவள் மதுரையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனி 27

எலி. பொறி வாங்க வேண்டும்.

அண்ணன் கடிதம். ஆடி பிறப்பதற்கு முதல் நாள் அழைத்துப்போக வருகிறான். புதுப்பெண் ஆடி முழுக்கத் தாய் வீட்டில். மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கடிதத்தை டா.விடம் காட்டினேன். "ம்."

போகாதே என்று சொல்லமாட்டார், வழக்கம் அப்படி. நீ இல்லாமல் எப்படி என்றாவது கேட்கலாம். அது ஒன்று போதும், ஒரு மாதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவேன். வராண்டாவில் இருபது தடவை நடந்தேன்.

ஆனி 29

செய்துவிட்டேன்.

கடைசிப் பெண்ணும் போனபின், திரைக்குப் பின்னாலிருந்து, "இன்னும் ஒரு ஆள் இருக்காங்க" என்றேன்.

"என்ன செய்யுதாம்?"

"தூக்கம் இல்லையாம். சோறு இறங்கலையாம். படபடன்னு வருதாம்."

"எம்புட்டு நாளா?"

"கல்யாணம் ஆனதுல இருந்து."

பேனாச் சத்தம் நின்றது. "மாமியார் கொடுமையா?"

"மாமியாரே இல்லையாம். புருசன் நல்லவராம். பேசத்தான் மாட்டாராம்."

பிறகு அதே டாக்டர் குரல். "நோய் ஒண்ணும் இல்ல. ஒரு மாசம் தாய் வீட்டுல இருந்துட்டு வரச் சொல்லு. சரியாப் போகும்."

ஒரு பாட்டில் மிக்ஸர் மருந்து வேறு. கம்பவுண்டர் நோயாளியின் பெயர் கேட்டார். வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி வாங்கிவந்து அங்கணத்தில் கொட்டினேன். அழவில்லை. கோபம்.

ஆனி 31

அண்ணன் வந்துவிட்டான். டா. விடியுமுன்னே ஆனையூருக்கு, பிரசவ கேஸ்.

"மாப்ள வரட்டும், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்."

"அவுக வர எந்நேரமாகுமோ. பஸ் போயிரும், வாண்ணே."

மேஜையில் எழுதி வைத்தது: மோர் உறியில். வேட்டி வண்ணானிடம். எலிப்பொறியில் கை வைக்க வேண்டாம். கீழே, 'அந்தத் தூக்கம் வராத அம்மா நான்தான்' என்று எழுதி அடித்தேன். ஒரே கோடு. படிக்கிறவர் படிக்கலாம்.

ஆடி 1

உசிலம்பட்டி. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இங்கே எல்லோரும் ஓயாமல் பேசுகிறார்கள், தலை வலிக்கிறது. அம்மா ஆடிப்பால் காய்ச்சித் தந்தாள், இறங்கவில்லை. படித்திருப்பாரா? கோட்டை இன்னும் மெல்லிசாகப் போட்டிருக்கலாம். போடாமலே விட்டிருக்கலாம்.

ஆடி 2

தபால் இல்லை. மதியம் பஸ் சத்தத்துக்கெல்லாம் எழுந்து போனேன். அம்மா, "கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு, ஒரு இடத்துல உக்காரு" என்றாள்.

ஆடி 3

காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். பஸ் நின்றது. டா. இறங்கினார். கையில் மருந்துப் பெட்டி, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஆடியில் மாப்பிள்ளை. தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

அப்பா வாசலில் நின்றார். வாங்க என்றும் சொல்ல முடியவில்லை, போங்க என்றும் சொல்ல முடியவில்லை.

"என்ன மாப்ள, ஆடியில... எங்க தெருவுல யாருக்கு மேலுக்கு முடியல?"

"எனக்குத்தான் மாமா."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வழியை விட்டு நகர்ந்துகொண்டார். "பெட்டிய வாங்கு தாயி."