இரண்டாம் குட்டையின் மண்

அன்பு மகன் பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான், ஆனால் அதைச் சாக்கு வைத்து என்னை வேலை வாங்குவதில் மனுஷனுக்கு ஒரு குறையும் இல்லை. சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, எங்களுக்கென்று இனிப்பு வாங்கி வந்து பாதியை அவளே தின்றுவிட்டுப் போனாள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் குட்டையில் இறால் செத்தது உன்னால் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பெருமழைக்கு மறுநாள் காலையில், கரையோரமெல்லாம் இறால் செத்து ஒதுங்கியிருந்தபோது, வேலையாட்களும் பக்கத்துக் குட்டைக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கிற ஏரேட்டரைப் போடாமல் தூங்கிவிட்டாய் என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ, "போட்டுத்தாம்மா இருந்துச்சு, கரையோரம் தண்ணி செவப்பா இருக்கு, வந்து பாரு" என்றாய். சாக்குச் சொல்லாதே என்று உன் வாயை அடைத்தேன். உன்னை நம்பிக் குட்டையை ஒப்படைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும் என்றும் எல்லார் காதிலும் விழச் சொன்னேன். அந்த மாதமே நீ பெட்டியைக் கட்டிவிட்டாய்.

நீ போன பிறகு, இவன் இல்லாமல் நான் வளர்த்துக் காட்டுகிறேன் என்ற வீம்பில் அந்தக் குட்டையை முன்னைவிட நன்றாகக் காயப் போட்டேன். அறுவடை முடிந்தால் தரை வெடித்து என் பாதம் உள்ளே போகிறவரை காய வைப்பேன், அது உனக்குத் தெரியும். அதில் எனக்கு அத்தனை பெருமை. மூன்று முறை இறால் குஞ்சு விட்டேன், மூன்று முறையும் ஓடு இறுகாமல், மழை பெய்ததும் செத்தது. மூன்றாவது தடவை திட்டுவதற்கு ஆள் இல்லாமல் நின்றேன்.

கடைசியில் மண் பரிசோதிக்கிற பெண் ஒருத்தியை வரவழைத்தோம். சின்னவள் வயதுதான், வாய் மட்டும் என் வாய். கரையில் மண்வெட்டியைப் போட்டாள், உள்ளே மண் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றம், காய்ந்த இடத்தில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் கோடு. "இந்த மண்ணு தண்ணிக்குள்ள கெடக்குற வரைக்கும் சாதும்மா, காத்துப் பட்டாத்தான் அதுல இருக்குற கந்தகம் அமிலமாகும், மழை அதைக் கழுவிக் குட்டைக்குள்ள எறக்கிடும்" என்றாள். நீ பார்த்த சிவப்பு அதோடு கரைந்து வந்த இரும்பாம். அந்தப் பெருமழைக்கு முன்னால், குட்டையை இன்னும் ஆழமாக்கு, அடிமண்ணை அள்ளிக் கரையில் கொட்டு என்று இயந்திரக்காரரிடம் சொன்னது யார், நான்தானே. காய வைப்பதுகூடக் குற்றமில்லையாம், காய வைத்துவிட்டுக் கழுவாமல் குஞ்சு விட்டதுதான் தப்பாம்.

இப்போது கழுவுகிறோம். காயவிட்டு, கடல் தண்ணீரை நிரப்பி, சில நாள் ஊறவைத்து வடிக்கிறோம், மறுபடியும் அதேதான். கரை மேலும் சின்ன வாய்க்கால் வெட்டி உப்புத் தண்ணீர் நிறுத்திக் கரையைக் கழுவுகிறோம், பிறகு சுண்ணாம்பு. அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கரைச் சரிவில் புல் நடுகிறார். இதில் ஒரு வேலையிலிருந்து மட்டும் தப்ப முடியாது, வடிக்கிற தண்ணீர் அத்தனையும் அமிலம் என்பதால் திறப்பதற்கு முன் பக்கத்துக் குட்டைக்காரரிடம் போய் உங்கள் மதகை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப உங்க பையன் மேல தப்பில்லையா?" என்றார். இல்லை, என் மேல்தான் என்றேன். அவர் மதகுப் பலகையை இறக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "அன்னிக்கு ராத்திரி முழுக்க உங்க ஏரேட்டர் ஓடுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு, உங்க வாய்க்குப் பயந்துதான் சொல்லல" என்றார். உண்மை தெரிந்த மனிதர் பத்தடி தள்ளி நின்றிருக்கிறார், அவரைப் பேசவிடாமல் செய்ததும் நான்தான்.

மறுநாள் வேலையாட்களையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ஐந்தாவது கழுவலுக்குப் பிறகு அமிலம் நன்றாகக் குறைந்திருக்கிறது. வலைக்கூண்டில் கொஞ்சம் குஞ்சு விட்டுப் பார்த்தோம், ஒரு வாரமாகத் துள்ளிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் மழை பெய்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறாள் அந்தப் பெண்.

திரும்பி வா என்று கேட்க வரவில்லையப்பா. அங்கே உனக்கு வேலை இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது. நான் உன்னைத் தப்பாகச் சொன்னேன், நீ சொன்னதைக் கேட்கவும் இல்லை. என்னை மன்னித்துவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நூறு வயது நன்றாக இரு. ஒன்றே ஒன்று. நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பாவிடம், அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறாயே, நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த தடவை என்னையே கேள்.

இப்படிக்கு,
அம்மா